பத்து மைக்ரான்

போன மே மாதம் காவேரிப்பட்டணத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானம் மோர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால், தோசை மாவு டப்பாவுக்குப் பின்னால், முட்டை வைக்கும் தட்டில் இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ஒன்றில் தெளிந்த நீர். இன்னொன்றின் அடியில் வெள்ளையாக, வில்லை மாதிரி உறைந்த பொடி. ரப்பர் அடைப்பு, அலுமினிய வளையம், நீல மூடி. அந்த மாதிரிக் குப்பிகளை ஆறு வருடம் தினமும் கையில் பிடித்தவள் நான். அவை இருக்கவேண்டிய இடம் எது என்று எனக்குத் தெரியும். அக்கா வீட்டு ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது.

லேபிளில் இபாமொரெலின், 5 மில்லிகிராம் என்று இருந்தது. அதன் கீழே எறும்பு வரிசை மாதிரி ஒரு வரி: ஆய்வுக்கு மட்டும், மனிதர்கள் பயன்படுத்துவதற்கு அல்ல.

"இது யாருதுக்கா?"

"பையன் வச்சது. வைட்டமின் ஊசின்னு சொன்னான். ஜிம்ல குடுத்தாங்களாம்."

அக்கா மகனுக்கு வயது 21. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறான். எங்கள் பக்கத்துப் பையன்களைத் தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் விடிகாலை நாலரை, ஐந்து மணிக்கு எந்தச் சாலையில் போனாலும் இருட்டில் நான்கைந்து பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். போலீஸ், ராணுவம், தீயணைப்பு. வானம் பார்த்த நிலமும், ஒரு வருடம் காய்த்து ஒரு வருடம் ஏமாற்றும் மாந்தோப்பும் வைத்திருக்கும் வீட்டில், மாதச் சம்பளம் என்பது ஒரு தலைமுறையையே மேலே தூக்கி வைக்கும் விஷயம். இவனும் ஓடினான். 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் முடிக்கச் சொன்னால் இவன் ஐந்தரையில் முடிப்பான். கயிறு ஏறுவான். போன முறை எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். அப்புறம் உயரம் அளக்கும் இடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். அவன் பிரிவுக்கு 170 செ.மீ. வேண்டும். இவன் 168.5.

ஒன்றரை சென்டிமீட்டர். சுண்டுவிரல் நகத்தின் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

சாயங்காலம் வந்தவனிடம் குப்பியைக் காட்டினேன். மறைக்கவில்லை. போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினான். அதில் ஒருவர் ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசினார்: இந்த பெப்டைட் (அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி) உடம்பின் சொந்த வளர்ச்சி ஹார்மோனையே தூண்டிவிடும், வெளியிலிருந்து ஹார்மோன் போடுவது மாதிரி இல்லை, பக்கவிளைவு இல்லை, எலும்பு நீளமாக வளர்வது ஆராய்ச்சியில் நிரூபணம் ஆகியிருக்கிறது.

"பொய்யா சித்தி?" என்று கேட்டான்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னதில் பெரும்பகுதி பொய் இல்லை. எலும்பு நீளமாக வளர்ந்தது நிஜம்தான். ஆனால் வளர்ந்தது யாருடைய எலும்பு, எவ்வளவு என்பதை அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லக்கூடிய ஆள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். நானும் ஆறு வருடமாகச் சொன்னதில்லை.

பெங்களூரில் மருந்துகளை மனிதர்களுக்குக் கொடுப்பதற்கு முன்னால் விலங்குகளில் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் நான் வேலை பார்த்தேன். ப்ரீகிளினிக்கல் என்பார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போய், அங்கிருந்து பெங்களூர் பஸ். அனிமல் ஹவுஸில் டெக்னீஷியன். கூண்டு மாற்றுவது, எடை போடுவது, ஊசி போடுவது, ரத்தம் எடுப்பது, கடைசியில் எலும்பைப் பிரித்தெடுப்பது. வீட்டில் யார் கேட்டாலும் "லேப்ல வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். எலிக்கு ஊசி போடுகிறேன், அப்புறம் அதைக் கொல்கிறேன் என்று சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து எப்படிச் சொல்வது? நான் சொல்லாமல் விட்ட இடத்தில் அந்த வீடியோக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. அதனால் அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து ஆதியிலிருந்து சொன்னேன். அவனிடம் சொன்னதை இங்கே இன்னும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நம் மூளைக்கு அடியில் கடலை அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் அங்கிருந்துதான் வருகிறது. 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மாலை அது. குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ஒருகாலத்தில் இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அதன் வழியாக மூளையைத் தின்னும் ஒரு கொடிய நோய் சிலருக்குத் தொற்றியது 1985-ல் தெரியவந்ததும் அமெரிக்காவில் அதை நிறுத்தினார்கள். அதே வருடம் நுண்ணுயிரியில் செய்த ஹார்மோன் அனுமதி பெற்றது. இந்தக் கதையை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஹார்மோனை வெளியிலிருந்து கொடுப்பதைவிட, உடம்பையே சுரக்க வைத்தால் என்ன என்ற ஆசை அப்போதே பலருக்கு இருந்தது.

அந்த ஆசை பலித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1975-ல் ஸ்காட்லாந்தில் என்கெஃபலின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். உடம்பே தயாரிக்கும் வலிநிவாரணி அது, ஐந்தே அமினோ அமிலம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில், டுலேன் பல்கலைக்கழகத்தில் சிரில் பவர்ஸ் என்பவர் அதை மாற்றி மாற்றிச் செய்து, ஒவ்வொன்றையும் பிட்யூட்டரித் திசுவின் மேல் விட்டுப் பார்த்தார். 1970களின் பிற்பாதியில் ஒரு வடிவம் வலியை ஒன்றும் செய்யாமல், வளர்ச்சி ஹார்மோனை மட்டும் கொஞ்சமாக வெளியே தள்ளியது. தட்டில் வேலை செய்ததே தவிர உயிருள்ள எலியில் செய்யவில்லை. ஃபிராங்க் மோமனி என்பவர் அந்த மூலக்கூறு எப்படி மடங்கும் என்று கணினியில் கணக்குப் போட்டு உதவினார். 1984-ல் ஆறு அமினோ அமிலத்தில் ஜி.எச்.ஆர்.பி-6 வந்தது. வளர்ச்சி ஹார்மோனை வெளியே தள்ளும் பெப்டைட் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அந்தப் பெயர். இது உயிருள்ள எலியில் வேலை செய்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அமினோ அமிலங்களில் பெரும்பாலானவை இரண்டு வடிவத்தில் இருக்கும், இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் மாதிரி. நம் உடம்பின் புரதங்கள் ஒரே கால் செருப்பால் ஆனவை. அவற்றை வெட்டும் நொதிகளும் அந்த ஒரு காலுக்குத்தான் பழகியவை. ஜி.எச்.ஆர்.பி-6-ல் இரண்டு இடங்களில் மறுகால் செருப்பை வைத்தார்கள். வெட்ட வரும் நொதிக்குப் பிடி கிடைக்காது. இயற்கையில் கிடைக்காத, மனிதன் கோத்த சாவி அது.

சாவி வந்துவிட்டது, பூட்டு எங்கே என்று யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு வருடம் கழித்து, 1996-ல், மெர்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அது போய் உட்காரும் ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். சரி, இயற்கை ஒரு பூட்டைச் செய்து வைத்திருந்தால் அதற்கு ஒரு சொந்தச் சாவியும் இருக்கவேண்டுமே? அதை 1999-ல் ஜப்பானில் மசயாசு கொஜிமாவும் கெஞ்சி கங்காவாவும் பிடித்தார்கள். எல்லோரும் மூளையில் தேடிக்கொண்டிருந்தது எலியின் இரைப்பையில் கிடைத்தது. கிரெலின் என்று பெயர் வைத்தார்கள். பசி எடுக்க வைக்கும் ஹார்மோன் என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் படிப்பது அதைத்தான். செயற்கைச் சாவி முதலில், பூட்டு அடுத்து, சொந்தச் சாவி கடைசியில் என்று தலைகீழாக நடந்த ஒரு கண்டுபிடிப்பு.

"அதான் பசிக்குதா!" என்றான் அக்கா மகன். ஆறு நாளாக ஊசி போட்டிருக்கிறான். என்றைக்கும் இல்லாத பசி. உடம்பு ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறான். வயிற்றில் ஊசி போட்ட இடத்தில் இரண்டு சிவப்புத் தடிப்பு இருந்தது. குப்பிக்குள் உண்மையில் எது இருக்கிறது என்று லேபிளை வைத்துச் சொல்ல முடியாது. கிரெலினின் பூட்டைத் திறக்கும் ஏதோ ஒன்று இருக்கலாம் என்பது மட்டும் அந்தப் பசியில் தெரிந்தது.

இபாமொரெலின் இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டிகளில் ஒன்று. ஐந்தே அமினோ அமிலம். டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தில் உருவாகி, 1998-ல் கட்டுரையாக வெளிவந்தது. மூத்தவர்களான ஜி.எச்.ஆர்.பி-6, ஜி.எச்.ஆர்.பி-2 இரண்டையும் பன்றிக்குக் கொடுத்தால் வளர்ச்சி ஹார்மோனோடு கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் கூடவே ஏறியது. இபாமொரெலினில் அது ஏறவில்லை. வளர்ச்சி ஹார்மோனுக்குத் தேவையான அளவைப்போல 200 மடங்கு கொடுத்தும் ஏறவில்லை. வீடியோக்காரர் சொன்ன "பக்கவிளைவு இல்லை" என்பதன் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு குறிப்பிட்ட ஹார்மோன் பன்றியில் ஏறவில்லை என்ற நல்ல, கவனமான வேலை, காவேரிப்பட்டணத்துக்கு வந்து சேரும்போது பக்கவிளைவே இல்லை என்று ஆகிவிட்டது.

அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. அதைத்தான் நான் அவனை உட்கார வைத்துச் சொன்னேன். பாதி அளவு விளைவைப் பெற எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 80 நானோமோல் (மருந்தின் அளவைச் சொல்லும் மிகச் சின்ன அலகு) தேவைப்பட்டது. பன்றிக்கு 2.3 போதும். எலி மயக்கத்தில் இருந்தது, பன்றி விழித்திருந்தது, அதனால் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது என்பது சரி. ஆனாலும் முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். "அப்போ எனக்கு எவ்வளவு?" என்றான். "உனக்கு யார் சொன்ன அளவுல போடுற?" என்று திருப்பிக் கேட்டேன். ஜிம்மில் சொன்னார்களாம்.

இனி எலும்பு. இதுதான் நான் கைபட வேலை செய்த இடம், அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எலியின் எலும்பு ஒரு நாளில் எவ்வளவு வளர்ந்தது என்று எப்படி அளப்பது? ஸ்கேல் வைத்தா? டெட்ராசைக்ளின் என்ற பழைய ஆன்டிபயாடிக் இதற்கு உதவும். அதை ஊசி போட்டால், அந்த நேரத்தில் புதிதாக உருவாகிக்கொண்டிருக்கும் எலும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். சில நாள் கழித்து இன்னொரு முறை போட்டால் இன்னொரு அடுக்கு. அப்புறம் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பை எடுத்து, பிசினில் புதைத்து, மெல்லிய சீவலாகச் சீவி, புற ஊதா ஒளியில் நுண்ணோக்கி வழியாகப் பார்க்கவேண்டும். இருட்டில் இரண்டு மஞ்சள் கோடுகள் ஒளிரும். முதல் ஊசி ஒரு கோடு, இரண்டாவது ஊசி ஒரு கோடு. நடுவில் இருக்கும் இடைவெளியை நாட்களால் வகுத்தால் ஒரு நாள் வளர்ச்சி. முதல்முறை பார்த்தபோது நான் மூச்சு விட மறந்தேன். திங்கட்கிழமையும் அடுத்த திங்கட்கிழமையும் எலும்புக்குள் எழுதியிருக்கிற மாதிரி இருந்தது.

நான் பார்த்தது வேறு மருந்துகளுக்கான ஆய்வுகள். இபாமொரெலினில் இதைச் செய்தது டென்மார்க்காரர்கள், 1999-ல். வளர்ந்த பெண் எலிகள். தினம் மூன்று வேளை ஊசி, பதினைந்து நாள். வெறும் கரைசல் மட்டும் போட்ட எலிகளுக்கு எலும்பு ஒரு நாளைக்கு 42 மைக்ரான் நீண்டது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மருந்து கூடக் கூட 44, 50, கடைசியில் மிக அதிக அளவில் 52. படிப்படியாக ஏறுகிறது பாருங்கள், அதுதான் ஆய்வுக்காரர்களை நிமிர்ந்து உட்கார வைக்கும் அழகு. தற்செயலாக அப்படி ஏறாது. "எலும்பு நீளமாக வளர்வது நிரூபணம்" என்று அந்த வீடியோவில் சொன்னதற்கு ஆதாரம் இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

42-க்கும் 52-க்கும் வித்தியாசம் பத்து மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமனில் ஏழில் ஒரு பங்கு சொல்லலாம். பதினைந்து நாளும் அதே வேகத்தில் போனதாக வைத்தாலும் 0.15 மில்லிமீட்டர்.

அவன் போனில் கால்குலேட்டரைத் திறந்து கொடுத்தேன். அவனுக்கு வேண்டியது ஒன்றரை சென்டிமீட்டர், அதாவது 15,000 மைக்ரான். பத்தால் வகுத்தான். 1500 நாள். நாலு வருடத்துக்கும் மேல், தினம் மூன்று ஊசி. தொடையெலும்பு, முதுகெலும்பு எல்லாவற்றிலும் வளர்ச்சி உண்டு, கணக்கு இப்படி நேர்கோட்டில் போகாது, அதையும் சொன்னேன். ஆனால் அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதுவும் நீ எலியா இருந்தா" என்றேன்.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது. நீண்ட எலும்புகளின் முனைக்குப் பக்கத்தில் குருத்தெலும்பால் ஆன ஒரு மெல்லிய அடுக்கு உண்டு, வளர்ச்சித் தகடு. உயரம் கூடுவது அங்கேதான். பையன்களுக்குப் பருவ வயது முடியும்போது அந்தத் தகடு முழுக்க எலும்பாகி மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு வளர்ச்சி ஹார்மோனைக் குடம் குடமாக ஊற்றினாலும் கால் நீளாது. தாடையும் கையும் பாதமும் தடிக்கும், அது தனி நோய். எலிக்கு அப்படி இல்லை. இனப்பெருக்க வயதைத் தாண்டி ரொம்ப காலத்துக்கு அதன் தகடு திறந்தே கிடக்கும். அதனால்தான் வளர்ந்த எலியில்கூட 42 மைக்ரான் அளக்க முடிந்தது. எலியை இந்த ஆய்வுக்கு வசதியாக்கும் அதே குணம்தான் 21 வயதுப் பையனுக்கு அந்த முடிவைப் பொருந்தாமல் செய்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஆய்வகத்தில் எலியை நாங்கள் ஒரு வாரம் முன்னாலேயே கையில் எடுத்துப் பழக்குவோம். வெளிச்சம் பன்னிரண்டு மணி நேரம், இருட்டு பன்னிரண்டு மணி நேரம். சத்தம் போடமாட்டோம். இரக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம், எலி பயந்தால் அதன் வளர்ச்சி ஹார்மோன் விழுந்துவிடும், அளவீடு கெட்டுவிடும். மனிதனுக்கு நேர் எதிர். அழுத்தம், கடும் உடற்பயிற்சி, சர்க்கரை இறங்குவது எல்லாம் நமக்கு அந்த ஹார்மோனை ஏற்றும். குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க, மருத்துவமனையில் இன்சுலின் போட்டுச் சர்க்கரையை இறக்கிப் பரிசோதிக்கும் முறையே உண்டு. அதே இன்சுலினை எலிக்குப் போட்டால் ஹார்மோன் குறையும். ஒரே சுரப்பி, ஒரே ஹார்மோன், கிட்டத்தட்ட ஒரே கிரெலின் (28 அமினோ அமிலத்தில் எலிக்கும் நமக்கும் இரண்டுதான் வித்தியாசம்), ஆனாலும் அவசரத்துக்கு அவை போகிற திசை வேறு.

இதுவரை பேசாமல் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். இரண்டு ஏக்கரில் பெங்களூரா மா வைத்திருப்பவர், கூழ் ஃபேக்டரிக்குப் போகும் காய். மாமரம் முறை தவறாமல் காய்க்க வேரில் ஊற்றும், வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு மருந்தை ஒரு வருடம் அவரும் ஊற்றினார், அளவு தெரியாமல் கூடுதலாக. துளிர் நீளாமல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு நின்றது. மண்ணில் தங்கும் மருந்து அது, அடுத்த வருடமும் தெரிந்தது. "மாமரத்துக்குச் சொன்னத மாமரத்துக்கே சரியா ஊத்தத் தெரியல எனக்கு. நீ எலிக்குச் சொன்னத உனக்கு ஊத்திக்கிறியா கண்ணு?" என்றார் பேரனிடம். நான் ஒரு மணி நேரம் பேசியதைவிட அது அவனுக்குள் இறங்கியது, முகத்தில் தெரிந்தது.

அப்படியானால் எலி ஆய்வெல்லாம் வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. நான் அப்படி நினைத்திருந்தால் ஆறு வருடம் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது. இந்த மூலக்கூறுக் குடும்பத்திலிருந்து உருப்படியாக வந்தவை இருக்கின்றன. மாசிமொரெலின் என்ற மருந்தை வாயால் குடிக்கச் செய்து, பெரியவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு உள்ளதா என்று கண்டுபிடிக்கலாம். அமெரிக்காவில் 2017-ல் அனுமதி பெற்றது. சாப்பிடாத நாய்களுக்குப் பசியைத் தூண்ட கேப்ரோமொரெலின் இருக்கிறது. புற்றுநோயில் உடம்பு கரைந்துபோகிறவர்களுக்காக அனமொரெலினை ஜப்பான் 2021-ல் ஏற்றுக்கொண்டது. இவை எல்லாவற்றுக்கும் கீழே கூண்டுகளும் எடைத் தராசும் என்னைப் போன்றவர்களின் கைகளும் இருக்கின்றன.

ஆனால் எலியில் வென்று மனிதனில் தோற்பதும் இதே குடும்பத்தில் நடந்தது, இபாமொரெலினுக்கே நடந்தது. வயிற்றில் அறுவை செய்தபின் குடல் சில நாள் அசையாமல் கிடக்கும். எலிகளில் அந்த நிலையை உண்டாக்கி இபாமொரெலின் கொடுத்தபோது குடல் சீக்கிரம் அசைந்தது, 2009-ல் வந்த ஆய்வு. சரி என்று குடல் அறுவை செய்துகொண்ட நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் கரைசல் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், முதல் வேளைச் சாப்பாட்டைத் தாங்கிக்கொள்ள எடுத்த நேரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2014-ல் அந்த முடிவு வெளிவந்தது. எலும்புக்கோ உயரத்துக்கோ மருந்தாக அது எங்கும் வரவில்லை.

இதே பூட்டைத் திறக்கும் மாத்திரை ஒன்று, எம்.கே-677, அறுபது வயதைத் தாண்டிய 65 பேரிடம் இரண்டு வருடம் சோதிக்கப்பட்டது. 2008-ல் வெளியானது. கொழுப்பில்லாத உடல் எடை கூடியது. வலிமை கூடவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறியது. இடுப்பெலும்பு முறிந்தவர்களிடம் நடந்த இன்னொரு சோதனையை, இதயச் செயலிழப்பு தென்பட்டதால் பாதியில் நிறுத்தினார்கள். சர்க்கரை நோய் இல்லாத வீடு எங்கள் தெருவில் குறைவு. அப்பாவுக்கு இருக்கிறது, அக்காவுக்கு எல்லைக்கோட்டில் இருக்கிறது. அந்தப் பையன் சர்க்கரையோடு விளையாடக்கூடாத ரத்தம் கொண்டவன்.

அப்புறம் அந்தக் குப்பி. ஆய்வகத்தில் ஒரு பெப்டைட் வந்தால் அதன் தூய்மைச் சான்று கூடவே வரும், எங்கள் ஆட்கள் மறுபடி சரிபார்ப்பார்கள், உறைகுளிரில் வைப்போம், யார் எடுத்தார், எவ்வளவு எடுத்தார் என்று பதிவேட்டில் கையெழுத்து இருக்கும். ஒரு எலிக்கு ஒரு ஊசி போடக்கூட நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், எத்தனை எலி, ஏன் அத்தனை என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். விலங்குக்கு விலங்கு மாறும் விஷத்தன்மையைப் பார்க்க எலியோடு நிறுத்தாமல் இன்னொரு இனத்திலும் சோதிக்கவேண்டும். இவ்வளவும் ஒரு எலிக்காக. இந்தக் குப்பியோ மே மாத வெயிலில் நாலு நாள் கூரியர் வண்டியில் சுற்றி, கிருஷ்ணகிரிக் கூரியர் கடையில் ஒரு ராத்திரி கிடந்து வந்திருக்கிறது. கிருமி இல்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? எங்கள் எலிகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு எங்கள் வீட்டுப் பையனுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. விற்றவர்கள் மேல் கோபம்தான். அந்தச் சின்ன எழுத்தில் "ஆய்வுக்கு மட்டும்" என்று எழுதியதே, வாங்குகிறவன் ஆய்வு செய்யப்போவதில்லை என்று தெரிந்துதானே.

மறுநாள் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவர் தடிப்பைப் பார்த்து மருந்து கொடுத்தார், ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார், சரியாக இருந்தது. முழங்காலுக்கு ஒரு எக்ஸ்ரே எழுதித் தரச் சொல்லி நான்தான் கேட்டேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்து மருத்துவர் அவனுக்கே காட்டினார். தகடு இருந்த இடத்தில் ஒரு மெல்லிய வெள்ளைத் தழும்புக் கோடு. மூடிவிட்டது. ரொம்ப நேரம் அதையே பார்த்தான். உயரம் நின்றுபோனதை ஒருவன் படமாகப் பார்ப்பது லேசான விஷயம் இல்லை. தோளில் கை வைத்தேன், தட்டிவிடவில்லை.

உயரம் அளக்கும்போது காலை, மாலை வித்தியாசம் உண்டு என்று மருத்துவர் சொன்னார். முதுகெலும்பின் நடுவில் உள்ள வட்டுகள் பகல் முழுக்க அழுந்தி, ராத்திரி படுத்ததும் விரியும். காலையில் எழுந்ததும் சுமார் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருப்போம். ஊசி இல்லாமல், காசு இல்லாமல். ஆனால் அவனுக்கு அது போதாது, அவனுக்கும் தெரியும். வனக்காப்பாளர் வேலைக்கு ஆண்களுக்கு 163 செ.மீ. கேட்கிறார்கள். ப்ளஸ் டூவில் அறிவியல் படித்தவன். அதைப் பற்றி இப்போது படித்துக்கொண்டிருக்கிறான். போலீஸ் யூனிஃபார்ம் மேல் இருந்த கண் இன்னும் முழுதாக நகரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், குப்பிகளை என்னிடம் கொடுத்த பிறகு, கேட்டான்.

"அந்த எலிங்க எல்லாம் என்ன ஆச்சு சித்தி? அம்பத்திரண்டு மைக்ரான் வளந்துச்சே, அதுங்க."

எலும்பை அளக்க எலும்பு வேண்டும் என்று சொன்னேன். வலிக்காமல் செய்வோம், முறை இருக்கிறது, ஒன்றன் முன் இன்னொன்றைச் செய்யமாட்டோம் என்று சொன்னேன். முதல்முறையாக வீட்டு ஆள் ஒருவனிடம் சொன்னேன். சத்தமில்லாமல் கேட்டான். ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்பு ஓடிக்கொண்டிருந்தது, காய் பறிக்கிற சீசன், சாலையோரம் முழுக்க லாரிகள்.

"அதுங்களுக்குப் பேர் வைப்பீங்களா?"

"நம்பர்தான். வாலில் பேனாவால கோடு போடுவோம். ரெண்டு மூணு நாள்ல அழிஞ்சிடும், மறுபடி போடணும்."

காவேரிப்பட்டணத்தில் இறங்கும்போது அந்த மஞ்சள் கோட்டுப் படம் ஒன்று இருந்தால் அனுப்பச் சொன்னான். என்னிடம் இல்லை, ஆய்வகத்தில் எடுத்த படங்களை வெளியே கொண்டுவரக்கூடாது. அதனால் அன்று ராத்திரி அவன் ஓட்டப் பயிற்சி நேரம் குறித்துவைக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்தேன். எலும்பின் முனை, அதற்குக் கீழே தகடு, அதற்கும் கீழே மஞ்சள் ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு கோடு. நடுவில் உள்ள இடைவெளியை எவ்வளவு சின்னதாகப் போட்டாலும் நிஜத்தைவிடப் பெரிதாகவே வந்தது. பக்கத்தில் எழுதி வைத்தேன்: இது பல மடங்கு பெரிதாக்கியது.